பல் செய்யப் போனவன்

"பயப்படாதே" என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சலாக வரும். பயப்படாதவர்களின் கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் பத்து வருஷம் மிஷினில் நின்றேன். அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து, நின்றவர்களைத் திட்டினேன். திட்டு வாங்கியவர்களில் ஒருவனைப் பற்றித்தான் இது. பெயர் வேண்டாம். அவன் இன்னும் இருக்கிறான், படித்தால் நடுங்கிப் போவான்.

இதை எழுதினால் என் வேலை போய்விடும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது கம்பெனியையே ஊருக்கு வெளியே எங்கோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். என்னைக் கூட்டிப் போகவில்லை. ஆகவே தாராளமாக எழுதலாம்.

அவன் எங்கள் ஷெட்டுக்கு வந்த முதல் நாள் காலையில், நூறு டன் பிரஸ்ஸைக் காட்டி "இங்க நில்லு" என்றேன். அவன் நிற்கவில்லை. இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு மிஷினை மேலும் கீழும் பார்த்தான்.

"பயமா கீதுண்ணா."

ஜுரம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். வயிற்று வலி கேட்டிருக்கிறேன். ஒரே மாமனாரை இரண்டு தடவை சாகடித்து லீவு கேட்டவனையும் பார்த்திருக்கிறேன். பயமாக இருக்கிறது என்று ஓர் ஆம்பளை அந்த ஷெட்டுக்குள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

"பயமா கீதுன்னா ஊட்ல போய் ஒக்காரு."

"ஊட்லயும் பயமாத்தாண்ணா கீது" என்றான். கிண்டல் இல்லை. நிஜமாகவே தகவல் சொன்னான்.

அவனுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. பெண்டாட்டி, ஒரு பெண் குழந்தை, திருவேற்காட்டில் வாடகை வீடு. வேறு ஷெட்டில் மிஷின் ஓட்டிய அனுபவமும் இருந்தது. அனுபவம் வந்தால் பயம் போகும் என்பார்கள். இவனுக்கு அனுபவம் ஏற ஏற பயமும் ஏறிக்கொண்டே வந்தது. பாடி மேம்பாலத்துக்குக் கீழே ரோட்டைத் தாண்ட வேண்டுமென்றால் நாலு பேர் சேரும்வரை காத்திருந்து, நடுவில் புகுந்து தாண்டுவான். ஷேர் ஆட்டோவில் ஓரத்து சீட்டு கிடைத்தால் அதை விட்டுவிட்டு அடுத்த ஆட்டோவுக்கு நிற்பான். மழை வந்தால் ஷெட்டின் தகரத்துக்கு நேர் கீழே நிற்க மாட்டான். இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுச் செய்வான், அதுதான் தாங்காது. அவன் சொன்ன மாத்திரத்தில் பக்கத்தில் இருப்பவனும் தலையைத் தூக்கித் தகரத்தைப் பார்ப்பான்.

பிரஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேலே ஓர் இரும்புத் தலை, கீழே அச்சு. நடுவில் தகட்டை வைத்தால், தலை இறங்கி வெட்டும். இறங்க வேண்டுமென்றால் இடதில் ஒரு பட்டன், வலதில் ஒரு பட்டன், இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சுக்குள் கை இருக்க முடியாது இல்லையா, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அப்படி ஓட்டினால் டார்கெட் வராது. அதனால் எங்கள் ஆட்கள் சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வெட்டி, ஒரு பட்டனை அழுத்தி வைத்தபடி இழுத்துக் கட்டிவிடுவார்கள். அப்புறம் ஒரு கை பட்டனில், ஒரு கை தகட்டில். வேகம் அப்படியே ஏறும். எல்லோர் சட்டைப் பையிலும் அந்தத் துண்டு இருக்கும். யாராவது அதிகாரி வருகிறார் என்றால் ஒரே நொடியில் எல்லாத் துண்டும் காணாமல் போகும். சூப்பர்வைசருக்கு அது தெரியாது. அதாவது, எனக்குத் தெரியாது என்று எல்லோரும் பேசி வைத்திருந்தோம். என் பையிலும் ஒன்று இருந்தது.

அவன் மட்டும் கட்டவே மாட்டான். ஒன்பது வருஷம் எனக்குக் கீழே நின்றான், நான் பார்க்க ஒரு நாள் கூடக் கட்டவில்லை. இரண்டு கையாலும் அழுத்துவான், கையை எடுப்பான், தலை முழுக்க மேலே போய்விட்டதா என்று பார்ப்பான், அப்புறம்தான் வெட்டிய தகட்டை எடுப்பான். பக்கத்து மிஷினில் பெட்டி நிறையும், இவன் பெட்டி பாதியில் நிற்கும். மேனேஜர் என்னைக் கேட்பார். நான் அவனைக் கேட்பேன்.

"கட்டித் தொலையேன்டா. ஊர்ல எல்லாரும் கட்டலயா?"

"மனசு வர்லண்ணா."

"நீ ஒருத்தன்தான் உசுரோட கீறியா? மத்தவனெல்லாம் கல்லா?"

"அவங்க தைரியமா கீறாங்கண்ணா" என்று பாராட்டுவான்.

ஷிப்ட் முடிந்ததும் குழாயடியில் மரத்தூளும் சோப்பும் போட்டுக் கையைக் கழுவுவான். கழுவிவிட்டு வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பான். "பத்து கீதுப்பா" என்று தனக்குள் சொல்லிக்கொள்வான். அதனால் அவனுக்கு ஷெட்டில் 'பத்து' என்று பெயர். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டீ வருவதற்கு முன்னால், அவனுக்கு அடுத்த மிஷினில் நின்றவனுக்கு மூன்று விரல் போனது. தைரியமான ஆள், நன்றாகப் பாடுவான். ஆளை வண்டியில் ஏற்றி அனுப்பினோம். ஒரு மணி நேரத்துக்குள் அச்சைத் துடைக்கச் சொல்லி, அதே மிஷினில் இன்னொருவனை நிறுத்தினேன். நான்தான் நிறுத்தினேன். அன்றைக்கு எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. மத்தியானம் கேன்டீனில் பத்து என் எதிரில் வந்து உட்கார்ந்தான். சோற்றைத் தொடவில்லை.

"நான் வேற வேல பாத்துக்கறேண்ணா."

"நாப்பத்தொரு வயசுல இன்னா வேல பாப்ப?"

"தெர்ல. எல்லா வெரலும் வேணும்ங்கற மாதிரி வேலையா இருக்கணும். அப்பத்தான் நான் ஒழுங்கா பாத்துப்பேன்."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவன் போட்ட திட்டத்தைப் போல ஒரு திட்டத்தை நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் வேலை மாறுவதென்றால் மேனேஜரோடு சண்டை போட்டுவிட்டு மறுநாள் வர மாட்டார்கள், அவ்வளவுதான். இவன் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினான். அதில் என்னென்ன வேலை செய்யலாம் என்று எழுதவில்லை, எதற்கெல்லாம் பயமாக இருக்கிறது என்று எழுதினான். ஒரு தடவை பிடுங்கிப் படித்தேன். கண் மங்கிவிட்டால் என்ன செய்வது. சின்னப் பசங்களுக்குக் கீழே வேலை செய்ய வேண்டி வந்தால். பெண்ணின் படிப்பு பாதியில் நின்றால். புது வேலையும் பிடிக்காமல், பழைய வேலையிலும் சேர்த்துக்கொள்ளாவிட்டால். பதில் கிடைத்த பயத்தை மட்டும் ஒரு கோடு போட்டு அடிப்பான். முதல் ஆறு மாதத்தில் ஒரு கோடு கூட விழவில்லை. ஆவடியில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் போய்க் கேட்டானாம், அங்கே இருந்த பிள்ளைகள் "பெரீப்பா, கண்ணாடி எடுத்துகினு வந்தியா?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். அதையும் நோட்டில் எழுதி வைத்திருந்தான்.

பல் வேலை தற்செயலாக வந்தது. பட்டாணி கடித்துக் கடைவாய்ப்பல் உடைந்து, பூந்தமல்லிப் பக்கம் ஒரு பல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். அங்கே ஒரு மாணவி மெழுகுக் கட்டியைச் சின்னக் கத்தியால் சீவி ஒரு பல் செய்துகொண்டிருந்தாளாம். இவன் வலியை மறந்து இரண்டு மணி நேரம் பக்கத்தில் நின்றுவிட்டான். "இத வேலையா செய்றவங்க கீறாங்களாம்மா?" என்று கேட்க, அவள்தான் லேப் இருப்பதைச் சொல்லியிருக்கிறாள். டாக்டர்கள் வாயை அளவெடுத்து மாவுக்கல் அச்சு அனுப்புவார்கள், லேபில் அதற்குப் பொருத்தமாகப் பல் செய்து கொடுப்பார்கள்.

பூந்தமல்லி மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு வீட்டு மாடியில் அப்படியொரு லேப் இருந்தது. நடத்தியவர் ஒரு பாய், அறுபது வயதுக்காரர். இவனைப் பார்த்ததும் கையை நீட்டச் சொல்லியிருக்கிறார். பிரஸ்ஸில் நின்ற கை, தோல் தடித்து விரல் முறுக்கிக்கொண்டிருந்த கை.

"இந்தக் கைக்கு இது வராதுங்க" என்றாராம்.

"எனக்கும் அந்த பயம்தான் பாய்" என்றானாம்.

அந்தப் பதில் அவருக்குப் பிடித்துவிட்டது. சம்பளம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை வாங்க, ஒரு மாதத்தில் நீங்களே ஓடிவிடுவீர்கள் என்று சொல்லி உட்கார வைத்தார். இரண்டு வருஷம் ஒரு ஞாயிறு விடாமல் போனான்.

அதிலிருந்து எங்களுக்குத் தொல்லை ஆரம்பித்தது. சாப்பாட்டுப் பையில் மெழுகுக் கட்டியும் கத்தியும் வரும். பத்து நிமிஷத்தில் சோற்றை முடித்துவிட்டு மீதி நேரம் சீவுவான். கேன்டீன் மேஜையெல்லாம் மெழுகுத் தூள். யாரோடு பேசினாலும் கண்ணைப் பார்க்க மாட்டான், வாயைப் பார்ப்பான். மேனேஜர் அவனைத் திட்டிக்கொண்டிருக்கும்போது கூட அவர் முன்பல்லையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான். "இன்னாய்யா பாக்கற?" என்று கேட்டதற்கு, "ஒண்ணு லேசா திரும்பிகினு கீது சார்" என்றான். அவர் ஒரு வாரம் என்னிடம் கூட வாயைத் திறந்து சிரிக்கவில்லை.

ஒரு நாள் என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு மெழுகுப் பல்லை வைத்தான். கோணல்மாணலாக, நாலு மேடு வைத்து, நிஜப் பல் போலவே இருந்தது.

"உன்துண்ணா. கீழ இடப்பக்கம் ரெண்டாவது கடவாப்பல்லு. அது உனக்கு இல்ல."

"உனக்கு எப்டிடா தெரியும்?"

"ஏழு வருசமா நீ வலப்பக்கமே மெல்ற."

அந்தப் பல் போனது எனக்கு இருபத்தெட்டு வயதில். வீட்டில் கூட யாருக்கும் தெரியாது. அவன் போன பிறகு அந்த மெழுகை வாயில் வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்டச் சரியாக உட்கார்ந்தது. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஒருவன் நம்மை இத்தனை கவனமாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான், நாம் அவனைத் திட்டியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

வீட்டில் அவன் ஒரு வருஷம் வரை சொல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று சொல்லி வைத்திருந்தான். பெண்டாட்டி ஒரு நாள் அவன் பையைத் துவைக்க எடுத்தபோது, அடியில் கிழிந்த துணியில் முடிந்து ஏழெட்டுப் பல் இருந்தது. ஏற்கெனவே அவன் தூக்கத்தில் முனகுகிறான், சரியாகச் சாப்பிடுவதில்லை. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அந்த அம்மா முடிவு கட்டிவிட்டாள். மூட்டையை விறகுக் குச்சியால் தள்ளி ஒரு டப்பாவில் போட்டு, மூடி, திருவேற்காடு கோயிலுக்கு எடுத்துப் போய், எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டுவிட்டு வந்தாள். கோயிலுக்கு வெளியே உட்கார்ந்திருந்த ஒருவர் டப்பாவைத் திறந்து பார்த்து, இது ரொம்பப் பெரிய மந்திரவாதி வைத்த வேலை, எரித்தே ஆக வேண்டும் என்று வேறு சொல்லியிருக்கிறார். சாயந்திரம் வீட்டுக்குப் போனவனுக்கு நெற்றி நிறையத் திருநீறு பூசி, அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"நானும் அழுதுட்டேண்ணா" என்றான் மறுநாள். "ரெண்டு மாசம் ஒக்காந்து சீவனது. எல்லாத்தையும் எரிச்சிட்டா."

"அப்புறம்?"

"நான்தான் செஞ்சேன்னு சொன்னேன். உனக்கு நீயே எதுக்குய்யா செய்வின வெச்சிக்கறன்னு கேட்டா."

அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி ஷெட்டே ஒரு வாரம் சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். ஆனால் அன்றைக்கு அவன் நோட்டில் முதல் கோடு விழுந்தது. வீட்டில் சொன்னால் என்ன ஆகும் என்ற பயத்தின் மேல்.

இரண்டு வருஷம் முடிகிற சமயம் பாய் அவனைக் கூப்பிட்டார். "மிஷினே பல் செய்ய ஆரம்பிச்சிடுச்சுங்க. ஆனா கடைசில ஒருத்தர் கைல தேய்ச்சு உக்கார வைக்கணும். அதுக்கு ஆள் வேணும். ஜன்னல் ஓரத்து நாற்காலி உங்களுக்கு. ஒரு மாசம் கழிச்சு திங்கட்கிழமை வந்துடுங்க. அதுக்கு மேல நான் காலியா வைக்க முடியாது."

ராஜினாமா எழுதினான். எழுதியதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு நாலு நாள் திரிந்தான். வியர்வையில் மை ஊறி எழுத்து கலைந்தது. மறுபடி எழுதினான். ஐந்தாம் நாள் அவன் குழாயடியில் நின்றபோது நானே அவன் பையிலிருந்து எடுத்துப் போய் மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். நல்லெண்ணம் என்று நினைக்க வேண்டாம், பார்க்கச் சகிக்கவில்லை.

ஒரு மாத நோட்டீஸ். அந்த மாதம்தான் அவனை நிஜமாகப் பயந்தவனாகப் பார்த்தேன். அதுவரை பார்த்ததெல்லாம் சும்மா.

"இத்தன வருசம் ஒண்ணும் ஆவலண்ணா. இந்த மாசம் ஆயிட்டா?" என்று கேட்பான். காலையில் கேட்பான், டீ நேரத்தில் கேட்பான். "என்னப் பேக்கிங்ல போட்டுடேன். முப்பது நாளுதான?"

"ஆள் இல்லடா. நீ போய்ட்டா அந்த மிஷினுக்கு யார் நிப்பா?"

பேக்கிங்கில் ஆள் வேண்டித்தான் இருந்தது. நான் போடவில்லை. ஏன் என்று கேட்டால், அவன் போவது எனக்குப் பிடிக்கவில்லை. அவன் ஒருவன் தப்பித்துப் போகிறான், நாங்கள் அப்படியே நிற்கப் போகிறோம். அந்த வயிற்றெரிச்சல்தான்.

கை நடுங்க ஆரம்பித்தது அவனுக்கு. இரண்டு பட்டனிலும் கையை வைத்துவிட்டு அழுத்தாமல் நிற்பான். பெட்டி கால்வாசி கூட நிறையாது. அவன் மிஷினைத் தாண்டும்போதெல்லாம் என் நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. அவன் பயம் எனக்குத் தொற்றிக்கொண்டது. வீட்டில் சோறு பிசையும்போது என் விரல்களையே பார்த்தேன்.

நோட்டீஸ் முடிய நாலு நாள் இருந்த ஒரு புதன்கிழமை. வாசலில் லாரி நிற்கிறது, மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார், இவன் கையைப் பட்டனில் வைத்துக்கொண்டு சிலை மாதிரி நிற்கிறான்.

"போ. பேக்கிங்குக்குப் போ" என்று அவனைத் தள்ளிவிட்டு நானே நின்றேன். அவன் "அண்ணா, ஜாக்கிரதண்ணா" என்றான். அந்த வார்த்தை எனக்கு அவமானமாக இருந்தது. பத்து வருஷம் நின்ற மிஷின். பையிலிருந்த ட்யூப் துண்டை எடுத்து இடது பட்டனைக் கட்டினேன். வலது கையால் அழுத்தி, இடது கையால் தகட்டை எடுத்துப் போட ஆரம்பித்தேன். என்ன வேகம். இரண்டாவது பெட்டி பாதி நிறைந்திருக்கும். தகடு கொஞ்சம் கோணியது, நேராக்க இடது கையை உள்ளே விட்டேன், வலது கை அது பாட்டுக்குப் பழக்கத்தில் பட்டனை அழுத்திவிட்டது.

வலி முதலில் தெரியவில்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயிருந்தன. பேக்கிங்கிலிருந்து ஒருவன் ஓ என்று அலறும் சத்தம் மட்டும் கேட்டது. அது அவன்தான்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது மேனேஜர் இருந்தார். மிஷினில் கட்டியிருந்த துண்டை, ஆட்கள் கூடுவதற்கு முன்னால் அவர் எடுத்துவிட்டார். குனிந்து மெதுவாகப் பேசினார்.

"பட்டன் ஒட்டிக்கிச்சு. பழைய மிஷின். புரியுதா? சூப்பர்வைசரே கட்டினாருன்னு வெளிய வந்தா உனக்கும் வேல இருக்காது, எனக்கும் இருக்காது. வாய மூடிகினு இரு, ஸ்டோர்ஸ்ல உக்கார ஒரு சீட் நான் வாங்கித் தரேன்."

ஐம்பதை நெருங்குகிற வயது, இடது கையில் மூன்று விரல். வேறு எந்தக் கதவைத் தட்டுவது? அவனைப் போல நான் எந்த நோட்டும் போடவில்லை. தலையை ஆட்டினேன்.

வியாழக்கிழமை சாயந்திரம் அவன் வந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கட்டுப் போட்ட என் கையையே பார்த்தான்.

"பட்டன் ஒட்டிக்கிச்சாமே."

"ம்."

"நான் நின்னிருந்தா எனக்கு ஆயிருக்கும்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்னத் தள்ளிட்டு நீ வாங்கிக்கின" என்றான். உதடு கோணிக்கொண்டு அழுதான். "நான் போவலண்ணா. லெட்டர வாபஸ் வாங்கிட்டேன். நீ நின்ன எடத்துல நான் நிக்கறேன். நீ எழுந்து வர்ற வரிக்கும் அந்த மிஷின நான் பாத்துக்கறேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒன்று. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அவன் அப்படி அழுதது எனக்கு இதமாக இருந்தது. வாழ்க்கையில் யாரும் என்னைப் பார்த்து அப்படி அழுததில்லை. வெள்ளிக்கிழமை பெண்டாட்டியையும் கூட்டி வந்தான். அந்த அம்மா கஞ்சி கொண்டு வந்திருந்தாள். "எங்க ஊட்டு வெளக்க அணையாம காப்பாத்திட்டீங்கண்ணா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். கஞ்சியைக் குடித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் குடித்தேன்.

சனிக்கிழமை தனியாக வந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முகம் தெளிவாக இருந்தது. என்னவோ சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் புரிந்தது, அவன் கை நடுங்கவில்லை.

"பாய்கிட்ட சொல்லிட்டியா?"

"நாளிக்கு போய் சொல்லணும். திங்கக்கெழமைக்கு வேற ஆள் பாத்துக்குவாரு." சாதாரணமாகச் சொன்னான். "இன்னிக்கு புல் டார்கெட்டுண்ணா."

"யாரு?"

"நான்தான். நீ நின்ன மிஷின்ல." சட்டைப் பையில் கையை விட்டு ஒரு ட்யூப் துண்டை எடுத்துக் காட்டினான். புதிதாக வெட்டியது, ஓரம் கூடத் தேயவில்லை. "கட்டிட்டேன். நீ நின்ன எடத்துல நின்னுகினு கம்மியா குடுத்தா நல்லாவா கீது?"

நான் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தேன்.

"பயமா இல்லியாடா?"

"இல்லண்ணா. என் தலைக்கு வந்தத நீ வாங்கிக்கின. இனிமே எனக்கு ஒண்ணும் ஆவாது."

ஒன்பது வருஷமாக நான் அவனிடம் கேட்டது இதைத்தான். கட்டு, பயப்படாதே. இப்போது அவன் கட்டிவிட்டான், பயப்படவில்லை, என் எதிரில் உட்கார்ந்து சிரிக்கிறான். விரல் போன அன்று கூட எனக்கு அத்தனை பயம் இல்லை. திங்கட்கிழமை அவன் மறுபடி போய் நிற்பான். செவ்வாய்க்கிழமையும் நிற்பான்.

"கிட்ட வா" என்றேன்.

குனிந்தான்.

"பட்டன் ஒட்டல. நான் கட்டி வெச்சிருந்தேன்."

அவன் என் கையைப் பார்த்தான்.

"உன்னக் காப்பாத்தறதுக்கு நிக்கல. லாரி நின்னுது, அதுக்காக நின்னேன். நீ நின்னிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. நீ ரெண்டு கையாலதான அமுத்துவ. உன் தலைக்கு எதுவும் வரலடா. எனக்கு வந்தது, நானே இழுத்து வெச்சிக்கினது."

வார்டுக்குள் யாருக்காவது கேட்டிருக்குமா என்று அவன் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். குரலை இறக்கிக் கேட்டான்.

"மேனேஜருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"வெளிய தெரிஞ்சா?"

"என் வேல பூடும்."

கையில் இருந்த ட்யூப் துண்டைப் பார்த்தான். அதைப் பிடித்திருந்த விரல்கள் மெல்ல நடுங்க ஆரம்பித்தன. கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு வரைக்கும் ஆடியது. எனக்கு அதைப் பார்த்து உயிர் வந்தது. துண்டை வாங்கி என் தலையணைக்கு அடியில் போட்டுக்கொண்டேன்.

"அப்ப நான் போவட்டுமாண்ணா?" என்றான்.

"போ."

கதவு வரை போய்த் திரும்பி நின்றான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ஒரு நர்ஸ் உள்ளே வந்தாள், வாயை மூடிக்கொண்டு போய்விட்டான்.

திங்கட்கிழமை அவன் அந்த ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான் என்று ஷெட்டு ஆள் ஒருவன் வந்து சொன்னான். எனக்கு ஸ்டோர்ஸில் சீட் கிடைத்தது. ஆனால் அவன் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லை. வீட்டுக்கும் வரவில்லை. பெண்ணுக்குக் காலேஜ் கிடைத்தபோது ஷெட்டில் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தனுப்பினான், என் பெயர் போட்டுத் தனியாக ஒரு டப்பா வந்தது, அவன் வரவில்லை. விஷயம் தெரிந்ததும் என்னை வெறுத்துவிட்டான் என்று நினைத்தேன். வெறுக்கட்டும், நியாயம்தான் என்றும் நினைத்துக்கொண்டேன். ஆனால் கோபமாகவும் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, கை எப்படி இருக்கிறது என்று.

ஒரு வருஷம் கழித்து அவன் பெண்டாட்டி எனக்குப் போன் செய்தாள். நலம் விசாரித்தாள். அவருக்கு வேலை நன்றாகப் போகிறது, பாய் அவரைத்தான் ரொம்பவும் நம்புகிறார் என்றெல்லாம் சொன்னாள். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாள்.

"உங்களப் பாக்கணும்னு அவருக்கு உசுருண்ணா. ரெண்டு வாட்டி உங்க தெரு முனை வரிக்கும் வந்துட்டுத் திரும்பிட்டாரு. ஏன்யான்னா, எதிர்ல பாத்தா வாய் நிக்காது, எதுனா ஒளறிடுவேன்னு பயப்படறாரு. இன்னா ஒளறுவியாம்னு நானும் ஒரு வருசமா கேக்கறேன், சொல்லவே மாட்டேங்கறாரு. உங்களுக்கு எதுனா தெரியுமாண்ணா?"

ஸ்டோர்ஸில் என் மேஜைக்கு எதிரே மேனேஜர் ஏதோ பில்லில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியலயேம்மா" என்றேன்.